பத்தாம் நம்பர் பிளேடும் ஜமீரின் உள்ளங்கையும்

பாப்பாரப்பட்டி சந்தை ரோட்டில் சாணைக் கடை வைத்திருக்கும் ஜமீரின் வலது உள்ளங்கையில் அப்பளம் சுடலாம். மூன்று வருஷத்துக்கு முன், ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பாலக்கோடு மண்டியில் பதினைந்து கிலோ தக்காளிக் கூடை நூற்றிருபது ரூபாய்க்கு இறங்கியிருந்த வாரத்தில் இது தொடங்கியது. அன்று சாயங்காலம், மனைவி வஹிதா வைத்துவிட்டுப் போய் ஆறிக் கிடந்த டீயை அவர் கையில் எடுத்தார்; எடுத்ததும் டீ நுரைத்துப் பொங்கி லுங்கியில் வழிந்தது. கையை வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் அந்தத் தண்ணீர் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் பென்னாகரத்தில் ஒரு டாக்டரிடம் போனார். நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கிற கருவியை டாக்டர் அவர் உள்ளங்கைக்கு நேரே நீட்டியபோது, அது எண் எதையும் காட்டாமல் இரண்டு கோடுகளைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கைக்கு மட்டும் காய்ச்சல் என்று சீட்டில் எழுதி, மூன்று நாளைக்குப் பாராசிட்டமால் கொடுத்தார். ஜமீருக்கு அந்தச் சூடு தெரியவும் இல்லை, வலிக்கவும் இல்லை, தொட்டவர்களுக்குத்தான் தெரிந்தது. ஊர் நாலு நாள் ஆச்சரியப்பட்டது. ஐந்தாம் நாள் மழை பெய்யவே, கடலைக் காட்டுக்குக் களையெடுக்க ஆள் தேடப் போய்விட்டது.

கை ஏன் சுடுகிறது என்று ஜமீருக்கு அந்த வியாழக்கிழமையே தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு, அவருக்கு இதில் பெருமை சேர்க்கிற விஷயம் அதிகம் இல்லை, எங்களுக்கும் இல்லை.

ஜமீர் சாணை பிடிக்காத சாமான் இந்தப் பக்கத்தில் கிடையாது. கறிக்கடைக் கத்தி, தையல் கடைக் கத்தரி, கல்யாண சமையல்காரரின் அரிவாள்மணை எல்லாம் அவரிடம்தான் வரும். வாலிபத்தில் பெங்களூரில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, முடிவெட்டும் மெஷின் பிளேடைத் தீட்டுகிற சமதளத் தட்டு ஒன்றைப் பஸ் டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். தட்டு சுழலும், அதன்மேல் எண்ணெயும் எமரித் தூளும் தடவி, காந்தத்தில் பிடித்த பிளேடை வைத்து அழுத்தினால் பல்லெல்லாம் ஒரே மட்டமாகத் தேய்ந்து கூர் ஏறும். மாவட்டத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒரு தட்டு இல்லை. அதனால் பென்னாகரம் வரைக்கும் உள்ள சலூன்காரர்கள் எல்லாரும் அவர் வாடிக்கை. அவர்களில் மூத்தவர் சென்னப்பன், இதே சந்தை ரோட்டில் நாலு கடை தள்ளி சலூன் வைத்திருப்பவர், வேலை இல்லாத நேரத்தில் ஜமீர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுகிறவர்.

பிறகு தர்மபுரியில் வசதியான வீடுகளில் எல்லாம் சடை நாய்கள் வந்தன. சடை நாய் வந்தால் அதற்கு முடி வெட்ட ஆள் வேண்டும், வெட்ட மெஷின் வேண்டும், மெஷினுக்குப் பிளேடு வேண்டும், பிளேடு மழுங்கினால் ஜமீர் வேண்டும். சுசித்ரா என்ற பெண்மணி தர்மபுரியில் நாய்களுக்கான அழகு நிலையம் ஒன்றைத் திறந்து, மாதம் ஒரு தடவை பிளேடுகளை ஒரு ஸ்வீட் பெட்டியில் போட்டு டவுன் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். இதைச் சென்னப்பன் எப்படியோ மோப்பம் பிடித்து, ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னார். "பாய், எங்க மெஷினு புடிக்கிற தட்டுல நாய் மெஷினு போட்டீங்கன்னு தெரிஞ்சுதுன்னா, நாளைக்கு ஒருத்தனும் என் சேர்ல உக்கார மாட்டான். பாத்துக்கங்க." ஜமீர் உடனே, "நாய் சாமானெல்லாம் நான் தொடறதில்லீங்கண்ணா" என்றார். இரும்புக்கு ஆள் முடி எது, நாய் முடி எது என்று தெரியாது. தட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் தீர்ந்தது விஷயம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, ஆனாலும் அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டிய இடம் வேறு என்று தெரியும்வரை அவர் இந்த இடத்திலேயே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிளேடு என்று சொல்கிறோமே தவிர அது இரண்டு துண்டு. கீழே சீப்பு மாதிரி ஒன்று, மேலே அதன்மீது இடமும் வலமும் ஓடுகிற வெட்டி ஒன்று. இரண்டையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். மாதக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று ஓடி, ஒன்றின் தேய்மானம் இன்னொன்றுக்குப் பழகிவிடும். ஜோடியைப் பிரித்து வேறு ஜோடியோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எங்காவது ஒரு மூலையில் உரசும், உரசினால் சுடும். ஜமீருக்கு இது தொழிலின் அரிச்சுவடி. ஆரம்பத்தில் மகளின் நகப்பாலிஷை எடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறத்தில் புள்ளி வைத்துத்தான் தீட்டினார். சென்னப்பன் ஒருநாள் அதைப் பார்த்து, "இதென்ன பாய், பொட்டு வெச்ச பிளேடு? எந்தக் கடைது?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு புள்ளி நின்றது. சீப்புகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவிலும் வெட்டிகளையெல்லாம் வேறு டப்பாவிலும் போட்டு வைக்கத் தொடங்கினார். பார்க்கிறவர்களுக்குப் பழைய இரும்பு மாதிரி இருக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சீப்பில் நம்பர் பொறித்திருக்கும், வெட்டி வெறும் மொட்டை. தட்டில் சமமாகத் தேய்த்துவிட்டால் எது எதன்மேல் உட்கார்ந்தால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததன்மேல் மாட்டி அனுப்பினார். மூன்று வருஷம் எல்லாம் ஒழுங்காகவே உட்கார்ந்தது.

சுசித்ராவிடம் வேலை பார்த்த கவிப்பிரியா பாப்பாரப்பட்டிப் பெண்தான். இருபத்திமூன்று வயது, பி.காம். முடித்துவிட்டு ஓசூரில் மூன்று மாதம் இந்த வேலையைப் பழகி வந்தவள். மற்றவர்களைக் கடிக்கிற நாய் இவள் மடியில் காலைத் தூக்கிக் கொடுக்கும் என்பார்கள். மெஷின் ஓடும்போது இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் பிளேடைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்துக்கொள்வது அவள் பழக்கம். அந்த ஆடி மாதத் திங்கட்கிழமை, போர்வெல் லாரி வைத்திருக்கும் மாதேஸ்வரன் வீட்டு வெள்ளை நாய் லட்டுவுக்கு வயிற்றுப் பக்கம் முடி எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பத்தாம் நம்பர் பிளேடு; தோலோடு ஒட்டி வெட்டுவது. ஜமீரிடமிருந்து அன்றுதான் வந்த பிளேடு அது. இரண்டு நிமிஷத்தில் மெதுவாக ஏறவேண்டிய சூடு அரை நிமிஷத்தில் ஏறிவிட்டது. லட்டு கத்தியது. அவள் மெஷினைத் தூக்கும்போது வயிற்றில் ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தோல் சிவந்து வெந்திருந்தது.

மாதேஸ்வரன் மனைவி செல்போனில் வீடியோ எடுத்தார். அதில் நாயின் புண் தெரிந்தது, மெஷினைக் கையில் பிடித்தபடி நிற்கும் கவிப்பிரியாவின் முகம் தெரிந்தது, அவள் வாய் அசைவது தெரிந்தது. பிளேடு சூடாகிவிட்டது என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் வீடியோவைப் பரப்பியவர் யாரோ அவள் குரலை எடுத்துவிட்டு சோகமான புல்லாங்குழல் ஒன்றைச் சேர்த்திருந்தார். 'வாயில்லா ஜீவனுக்குச் சூடு வைத்த பெண். மனிதாபிமானம் உள்ளவர்கள் பகிரவும்' என்று கீழே எழுதியிருந்தது. மனிதாபிமானத்தில் எங்கள் மாவட்டம் யாருக்கும் சளைத்தது இல்லை. இரண்டே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். வார்டு குரூப், சீட்டு குரூப், பத்தாம் வகுப்பு பழைய மாணவர் குரூப் என்று ஒன்றுவிடாமல் சுற்றி, அது கவிப்பிரியாவின் தெருவுக்கு அவளுக்கு முன்பே வந்து சேர்ந்தது. அவளுக்கு 'சூடு வச்சவ' என்று பெயர் விழுந்தது.

வியாழக்கிழமை சுசித்ரா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பிளேடையும் எடுத்துக்கொண்டு ஜமீர் கடைக்கு நேரே வந்தார். கடைக்குள் சென்னப்பன் ஸ்டூலில் இருந்தார். ஜமீர் காரைப் பார்த்ததும், யாரோ வழி கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வேகமாக எழுந்து ரோட்டுக்கே போய், கார் கண்ணாடியோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"பாய், நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. தப்பு பிளேடுலயா, இவ கையிலயா?" என்று சுசித்ரா பிளேடை நீட்டினார்.

ஜமீர் அதை வலது உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் வெட்டியைத் தள்ளிப் பார்த்தார். இடது ஓரத்தில் அது மக்கர் பண்ணியது. தேய்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது, ஏழாம் நம்பரின் வெட்டி அது. பத்தாம் நம்பர் சீப்பின்மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை அவருக்கு. கவிப்பிரியா பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா பாருங்கண்ணா. ஜோடி மாறியிருக்குதுங்களான்னு பாருங்க" என்றாள். உள்ளே சென்னப்பன் ஸ்டூலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. யாரு பாய் அது என்று குரலும் வந்தது.

"ஜோடியெல்லாம் சரியாத்தாம்மா இருக்குது" என்றார் ஜமீர். பிறகு சுசித்ராவைப் பார்த்து, "பிளேடுல ஒன்னும் இல்லீங்க மேடம். கைப்பழக்கந்தாங்க" என்றார். கார் போய்விட்டது. கவிப்பிரியா அழவில்லை, கார் திரும்புகிறவரை அவரையே பார்த்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம்தான் டீ பொங்கியது.

அதன்பிறகு நடந்தவை வரிசையாக நடந்தன. சுசித்ரா கவிப்பிரியாவை வேலையிலிருந்து நிறுத்தினார். ஜமீர் தட்டில் எண்ணெய் புகைந்ததால் இடது கையால் தீட்டப் பழகிக்கொண்டார். பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் கை கொடுத்துக்கொள்ளும்போது, அவர் ஈரத்துண்டு சுற்றிய கையை நீட்டினார். பிடித்தவர்கள் ஆவி பறக்கிறது என்று சிரித்தார்கள். வஹிதா மட்டும் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டவர்கள் நூறு பேர். என்ன செய்தீர்கள் என்று கேட்டவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். ஒன்றும் செய்யவில்லை என்றார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதையும் கையில் கொடுக்கவில்லை, கீழே வைத்துவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டு நஸீமாவுக்குப் பத்து வருஷமாக முழங்கால் வலி. ஒருநாள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அடுப்பில் கேஸ் தீர்ந்துபோன ஆத்திரத்தில், பாய் உங்கள் கையையாவது கொஞ்சம் வையுங்கள் என்று உட்கார்ந்தாள். வைத்தார். வலி விட்டது. நஸீமாவுக்கு ஒன்று தெரிந்தால் அது பாலக்கோட்டுக்கு மறுநாளே தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடை வாசலில் வரிசை நிற்கத் தொடங்கியது. மூட்டு வலி, இடுப்புப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு என்று எல்லாச் சாதி சனமும் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்னடம் பேசிக்கொண்டும் வந்தார்கள். ஜமீர் யாரிடமும் காசு வாங்கவில்லை. வாங்கக் கை வரவில்லை. அதைப் பெரிய மனசு என்றார்கள். கை ராசி என்றார்கள், ஆண்டவன் ஆள் பார்த்துத்தான் கொடுக்கிறான் என்றார்கள், வாழைத்தாரும் கடலைக்காயும் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் கை இன்னும் ஒரு படி சுட்டது. முதல் வருஷ முடிவில் பச்சைக் கடலையைப் பொத்திப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் வறுபட்டுவிடும் நிலைக்கு வந்திருந்தது. அதையும் பிரசாதம் மாதிரி வாங்கித் தின்றார்கள். வாழைத்தார் இறங்கும்போதெல்லாம் ஜமீருக்கு எங்காவது போய்ப் புதைந்துகொள்ளலாம் போலிருக்கும். ஆனால் அவர் புதைந்துகொள்ளவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கவிப்பிரியாவைத் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ எந்தக் கடையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் போய்ச் சேருவதற்குள் வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் பாலக்கோட்டில் தக்காளி தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். காலை ஆறு பத்து பஸ். ஜமீர் கடைக்கு எதிரேதான் ஸ்டாப். ஆறு மணிக்குக் கடையைத் திறந்து கூட்டுகிறவர் ஜமீர், ஆறு பத்துக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஞாயிறு தவிர தினமும் திரும்பிக்கொண்டார். தெருநாய்கள் ஐந்தாறு அவளை வீட்டிலிருந்து ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். மாதேஸ்வரன் வீட்டு லட்டு ஒருமுறை பாலக்கோட்டில் கார் ஜன்னல் வழியாகக் குதித்து அவள்மேல் ஏறி முகமெல்லாம் நக்கியது. நாயே நேரில் வந்து சாட்சி சொல்லிவிட்டது, ஆனாலும் பார்த்தவர்கள் பயத்தில் அப்படிச் செய்கிறது என்றார்கள்.

மூன்றாவது புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையில் பதினோராவது ஆளாக ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். ஜமீருக்கு அவரைத் தெரியாது.

"எந்த முட்டிங்கக்கா?"

"ரெண்டுந்தாங்க பாய். சோத்துக்கை பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி."

ஜமீர் கையை வைத்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "இதமா இருக்குதுங்க" என்றார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். "இது சீக்கு இல்லீங்க பாய். எம் பொண்ணு ஒரு வாயில்லா ஜீவனுக்குச் சூடு வெச்சிட்டா. நம்ம வூட்ல நாய் பூனைக்கி ஒரு நாளு சோறு இல்லைன்னது கெடையாது. இவளுக்கு எப்படி அந்தப் புத்தி வந்துதுன்னே தெரியல. கேட்டா பிளேடு பிளேடுங்கறா. அந்தப் பாவந்தான் என் முட்டியில வந்து உக்காந்துகிச்சு. நல்லவங்க கை பட்டா போயிடும்னாங்க. அதான் வந்தன்."

ஜமீர் கையை எடுத்துக்கொண்டார். புடவையில் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருந்தது. அந்த அம்மாளுக்குப் பின்னால் வரிசையில் சென்னப்பன் கழுத்துப் பிடிப்போடு நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் இருபது பேர் இருந்தார்கள். இன்னொரு வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஜமீர் அந்த இருபது பேரையும் பார்த்திருப்பார். அன்று பார்க்கவில்லை.

"தப்பு பிளேடுலதாங்கக்கா" என்றார்.

"எந்த பிளேடுங்க?"

"நான் தீட்டிக் குடுத்த பிளேடு. ஜோடி மாத்தி மாட்டிட்டன். அவங்க கொண்டாந்து காட்டுனப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒன்னும் இல்லைன்னு சொல்லிட்டன். உங்க பொண்ணு மேல தப்பே இல்லீங்க."

சென்னப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "நாய் பிளேடா பாய்?"

"ஆமாங்கண்ணா. வருசக்கணக்கா. உங்க மெஷினு புடிக்கிற அதே தட்டுலதான்."

சென்னப்பன் கை தானாகத் தன் தலைமுடியைத் தடவிப் பார்த்தது. குள்ளம்மாள், அதுதான் அந்த அம்மாள் பெயர், ஜமீரைத் திட்டவில்லை, சாபம் விடவில்லை. தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொன்னப்ப நான் நம்பலீங்க பாய்" என்றார். "அடிச்சன். மூஞ்சி மேலயே அடிச்சன். பெத்த பாவத்துக்கு அழுதுகிட்டுதான் அடிச்சன், ஆனா அடிச்சன்." எழுந்து, முழங்கால் வலியை மறந்தவராக வேகமாக வீட்டுக்கு நடந்தார். வீட்டில் பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். குடத்தின் கழுத்து இளகி, அவர் விரல் பதிந்து வளைந்தது.

சொல்லிவிட்டால் ஆறிவிடும் என்று ஜமீர் உள்ளுக்குள் நம்பியிருந்தார். ஆறவில்லை. பச்சைக் கடலைக்கு இப்போது ஐந்து நிமிஷத்துக்குப் பதில் பத்து நிமிஷம் பிடித்தது, அவ்வளவுதான் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் கவிப்பிரியாவின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உலர்த்தி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். "எங்கிட்ட தனியா வந்து சொல்லி என்னங்கண்ணா ஆவுது? என்னை எல்லாருக்குந்தான காட்டுனாங்க" என்றாள். ஜமீர் வீட்டுக்கு வந்து, மகளைச் செல்போனைப் பிடிக்கச் சொல்லி, கேமரா முன்னால் உட்கார்ந்தார். ஒரு பத்தாம் நம்பர் சீப்பையும் ஏழாம் நம்பர் வெட்டியையும் கையில் வைத்து, எங்கே உரசும், ஏன் சுடும் என்று காட்டினார். லட்டுவின் பெயரைச் சொன்னார், கவிப்பிரியாவின் பெயரைச் சொன்னார், தன் கடை விலாசத்தையும் சொன்னார். வஹிதா பக்கத்தில் நின்று, முகத்தை மறைக்காதீர்கள் என்று அவர் கையைத் துணியால் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். முதல் வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். இதை முன்னூற்றுப் பதினொரு பேர் பார்த்தார்கள்.

ஆனால் ஐப்பசி மாதத்துக்குள் மற்ற கைகள் சுட ஆரம்பித்தன. சுசித்ராவுக்கு இரண்டு உள்ளங்கையும் சுட்டது. குளித்த நாய்களை உலர்த்த அவருக்கு டிரையர் தேவைப்படவில்லை. மாதேஸ்வரன் மனைவி கையுறை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பாப்பாரப்பட்டியிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் மற்றவர்களுக்கு வலது கட்டைவிரல் மட்டும், பகிர்கிற பொத்தானை அமுக்குகிற அந்த ஒரு விரல் மட்டும், சுட்டது. எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை, எண்ண முன்வருகிறவர் தன் விரலை முதலில் காட்டவேண்டி வரும். டீக்கடையில் டம்ளரை நாலு விரலால் பிடித்துக் குடிக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான். சட்டையின் மேல் பட்டனில் ஒரு கருகல் தெரிந்தால் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுகிறோம். எப்போதிலிருந்து என்று கேட்பது மரியாதை, எதனால் என்று கேட்பது மரியாதை இல்லை என்று தானாகவே ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இந்தக் குறிப்பை எழுதியவரும் இதைச் செல்போனில் ஆள்காட்டி விரலால்தான் தட்டினார். கட்டைவிரல் பட்டால் திரையில் ஆவி படிகிறது. அன்றைக்கு அந்த வீடியோவை அனுப்பும்போது அந்தப் பெண்ணின் வாய் அசைந்ததை நான் பார்த்தேன். என்ன சொல்கிறாள் என்று யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜமீர் கடையில் அடுத்த வெள்ளிக்கிழமை வரிசை இல்லை. அதற்கடுத்த வெள்ளி ஆறு பேர் வந்தார்கள். யார் கையாக இருந்தால் என்ன, முழங்காலுக்கு வலி போனால் சரி. சென்னப்பன் பன்னிரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, பதின்மூன்றாம் நாள் மழுங்கிய மெஷினோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டைவிரலை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார்.

சுசித்ரா பழைய வேலையைத் திரும்பக் கொடுக்கிறேன் என்றார். கவிப்பிரியா வேண்டாம் என்றாள். ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு மெஷின், ஆறு ஜோடிப் பிளேடு என்று சேர்த்துக்கொண்டு, வீட்டுக்கே போய் நாய்களுக்கு முடி வெட்டுகிறாள். கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுகிறார்கள். இன்னும் சிலர் அவள் ஸ்கூட்டர் போகும்போது அந்தப் பழைய பெயரைச் சொல்லத்தான் செய்கிறார்கள். பெயர் விழுந்த வேகத்தில் எழுந்திருப்பதில்லை. மாதம் ஒரு தடவை பிளேடு தீட்ட அவள் ஜமீர் கடைக்கு வந்தாக வேண்டும், மாவட்டத்தில் வேறு தட்டு கிடையாது. சலூன்காரர்கள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து வருவாள். "நாய் பிளேடுங்க, ஆறு ஜோடி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி மேஜைமேல் வைப்பாள். ஜமீர் ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் பிரித்து, அவள் கண்ணெதிரே தீட்டி, மாட்டி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். தீட்டியதை அவள் மெஷினில் போட்டு ஓடவிட்டு, தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் ஜமீர் எழுந்து நிற்பார். சரி என்றோ நன்றி என்றோ அவள் இதுவரை சொன்னதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை.

குள்ளம்மாளின் முழங்கால் வலி போகவில்லை. தன் கையையே வைத்துப் பார்த்தார், அது தன் உடம்புக்குச் சுடவில்லை. மகளிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியவில்லை. அது வீட்டுக்குள் நடக்கிற விஷயம். மார்கழி பிறந்தால் எங்கள் பக்கம் விடியக் காலையில் குளிர் எலும்பைப் பிடிக்கும். நாய் வயிற்றில் ஈரமான குளிர்ந்த கையை வைத்தால் அது உதறும், உதறினால் பிளேடு தடம் மாறும். அதனால் காலை வேலைகளுக்குக் கவிப்பிரியா தன் தாயையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகிறாள். நாயைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு, தாயின் பக்கம் திரும்புவாள். குள்ளம்மாள் தன் வலது கையை நீட்டுவார். மகள் அதைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, விரல்களுக்கு இளஞ்சூடு ஏறும்வரை பிடித்திருந்துவிட்டு, பிறகு நாயைத் தொடுவாள்.